குணமானவர்கள் பட்டியல்

திங்கட்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே வெயில் ஏறிவிட்டது என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். தலைக்கு ஈரத்துண்டு கட்டிக்கொண்டு வேலை பாருங்கள். உங்கள் மாமனாருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடிக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரி செய்தாயிற்று. நலம் விசாரிப்பு இதோடு முடிந்தது. இனி வருவதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. இதுவரை மூன்று முறை போயிற்று. குழாய்க் கதையை அரைமணி நேரம் கேட்டீர்கள், அப்போதெல்லாம் போகவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ஒரு மாமியார் மாப்பிள்ளைக்கு எழுதக்கூடிய விஷயம் இல்லை இது. எனக்கும் தெரியும். என் மகள் பாப்பாவே மூன்று நாள் வேண்டவே வேண்டாம் என்றாள். பிறகு, எழுதிக்கோ, ஆனால் என்னிடம் காட்டிவிட்டு அனுப்பு என்றாள். நேற்று வாசித்தாள். உங்களைக் குறிப்பிட்டு நான் எழுதியிருந்த ஒரு சொல்லை மூன்று இடத்தில் அடித்துவிட்டாள். அந்த மூன்று இடத்திலும் இப்போது ‘மாப்பிள்ளை’ என்று போட்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் லீவு முடிந்து கிளம்பியதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இங்கிருந்துதான் வேலைக்குப் போகிறாள். ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை, அடுத்த சிகிச்சைக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்போம் என்றுதான் போனோம். ஆய்வில் சேரும்போதே அவர்கள் கொடுத்த வாக்கு அது. இரண்டு சிகிச்சையில் எது நல்லது என்று பார்க்கிறோம், ஒரு பகுதிப் பேருக்கு இறுகும் தசையில் ஊசி, மறுபகுதிப் பேருக்கு பிசியோதெரபி அம்மாவிடம் பயிற்சி, யாருக்கு எது என்பது குலுக்கல். ஒன்று பலிக்காவிட்டால் மற்றது தருவோம் என்றார்கள். பாப்பாவுக்குக் குலுக்கலில் ஊசி விழுந்தது. முந்தின லீவில் வந்திருந்த நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள்.

பிசியோதெரபி அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ‘உங்க ஃபைல முடிச்சாச்சே, குணமாயிடுச்சுன்னு போட்டிருக்கே’ என்றார். ஆய்வுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே தடிமனான கண்ணாடி போட்ட ஒருவர் ஃபைலைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எங்களுக்குக் காட்டக் கூடாது என்றார். நான் முப்பத்திரண்டு வருடம் தேர்வுப் பிரிவில் மறுகூட்டல் மேசையில் உட்கார்ந்தவள். எதிரில் இருப்பவர் கையிலுள்ள தாளைத் தலைகீழாகப் படிப்பது எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

தம்பதியர் தாள் என்று தலைப்பு. பன்னிரண்டாவது வாரப் பரிசோதனை. முதல் கேள்வி: உறவு நிறைவேறியதா? ஆம் என்று டிக். இரண்டாவது கேள்வி: துணைவிக்கு வலி உண்டா? இல்லை என்று டிக். கீழே உங்கள் கையெழுத்து. அதற்குக் கீழே பாப்பாவின் கையெழுத்து.

அன்று அவளை உள்ளே பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்து தாளை நிரப்பிவிட்டீர்கள். அவள் உடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது, மூடவேண்டிய நேரமாகிவிட்டது, இங்கே ஒரு கையெழுத்து போடு என்று நீட்டினீர்களாம். புருஷன் நிரப்பிய தாள்தானே என்று வாசிக்காமலே போட்டிருக்கிறாள். மறுகூட்டல் மேசைக்காரியின் மகள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள் என்பதற்காக அவளையும் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான், திட்டவேண்டியது இவளை இல்லையே என்று உறைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். இறங்கும் நிறுத்தத்துக்கு முன்னால், ‘விடும்மா, அவருக்கு வெட்கமா இருந்திருக்கும்’ என்றாள். உங்களுக்காக வக்காலத்து வாங்குகிறாள்.

வெட்கம் யாருக்கு இல்லை மாப்பிள்ளை? மூன்று வருடமாக ஒவ்வொரு டாக்டரின் மேசையிலும் ஏறிப் படுத்தவள் அவள். முதலில் பார்த்த டாக்டரம்மா, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அந்தக் குழந்தை எந்த வழியாக வரும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்தவர் மரத்துப்போகும் களிம்பு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது ஆள், மனசுதான் காரணம் என்று தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனவள் ஒரு கிழவருக்குக் கண்ணாடிப் பவரை மாற்றிக் கொடுத்துவிட்டு வேலை போகும் அளவுக்குப் பேச்சு வாங்கினாள். இத்தனைக்கும் அப்புறம்தான் இந்த ஆஸ்பத்திரி. இங்கேதான் முதல் முறையாக, இது உன் குற்றம் இல்லை, அந்தத் தசை தன்னால் இறுகுகிறது, நீ சொல்லி அது இறுகவில்லை என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து எனக்கு அதை விளக்கியவளே அவள்தான். ‘கண்ணுல சொட்டு மருந்து விடப் போனா சிலபேருக்கு இமை இறுக மூடிக்கும்மா. எவ்வளவு சொன்னாலும் திறக்காது. அவங்களை நான் திட்டுறேனா?’ என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன். நீங்கள் லீவில் வந்த வாரம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். முதல் கேள்விக்கு நீங்கள் போட்ட டிக் பொய் இல்லை. ஒரே ஒரு முறை நிறைவேறியது. அவள் தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், நிறைவேறியது. மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்னால் கறைபட்ட படுக்கை விரிப்பை உருவி நீங்களே வாஷிங் மெஷினில் போட்டிருக்கிறீர்கள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நீங்கள் துணி துவைத்தது அன்று ஒருநாள்தான். ஆகவே தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐந்து நாள் கழித்து அதே கையால் ‘வலி இல்லை’ என்று டிக் போட்டீர்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஏன் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீதானம்மா சொன்ன, பல்லைக் கடிச்சிட்டு இரு, பழகிடும்னு’ என்றாள். சொன்னேன். கல்யாணமான புதிதில், சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். உங்கள்மேல் உள்ள கோபத்தில் பாதி என்மேல் உள்ளது. அந்தப் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் பாதியை நீங்கள் பாருங்கள்.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது ஒன்றுதான். இத்துடன் ஒரு திருத்தத் தாள் வைத்திருக்கிறேன். முதலில் நிரப்பியவர் யாரோ அவர்தான் திருத்த வேண்டுமாம். மையில் கையெழுத்து வேண்டும், போனில் படம் எடுத்து அனுப்பினால் செல்லாது. இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் ஃபைலைத் திறப்பார்கள். இல்லாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். பயிற்சி கொடுக்க இந்த ஊருக்கே ஒரு பிசியோதெரபி அம்மாதான் இருக்கிறார். வெளியாளாகப் பெயர் கொடுத்தால் ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். பாப்பா காத்திருக்க மாட்டாள். எனக்கு எதுவும் வேண்டாம், எல்லாரையும் பார்த்தாச்சு என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் டிக்கோடு என் மகள் இப்போது குணமானவர்கள் பட்டியலில் இருக்கிறாள். ஊசியால் இத்தனை பேர் குணமானார்கள் என்று கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகையில் அவளும் ஒன்று. அதை நம்பி நாளைக்கு முகம் தெரியாத ஒரு பெண்ணை ஊசிக்கு அனுப்புவார்கள். ஊசி சிலருக்கு நல்லதாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் தப்பான மதிப்பெண்ணைக் கூட்டி வரும் முடிவு யாருக்கும் நல்லது செய்யாது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அங்கே குழாய் இணைப்புகளைச் சோதிக்கிறவர். வெளியே பளபளவென்று இருக்கும் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தேறாது என்று எழுதுகிறவர். வெல்டர் கோபித்துக்கொள்வார் என்று நீங்கள் ஒருநாளும் ஆம் போட்டதில்லை என்று பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா பெருமையாகச் சொன்னார்.

தாளை ஒழுங்காக நிரப்பி அனுப்புங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் நலம் நாடும்,
அத்தை


வெள்ளிக்கிழமை

மாப்பிள்ளைக்கு,

இரண்டு வாரம் காத்திருந்த பிறகு உங்கள் தாள் முந்தாநாள் வந்தது. உறையைப் பிரிக்கும் முன்னால் பாப்பா கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எதற்குக் கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது.

வலி உண்டு என்று திருத்தியிருந்தீர்கள். தேதியும் கையெழுத்தும் சரி. ஒரு நிமிடம் உங்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது. அவள் முகத்திலும் கொஞ்சம் இரத்தம் ஊறியது. அப்புறம் கீழே ‘சிகிச்சை பலிக்காததற்குக் காரணம்’ என்ற கட்டத்துக்கு வந்தோம். ‘மனைவி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள்.

அவள் தாளை மடித்து உறைக்குள்ளே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அன்று அவளுக்கு வார விடுமுறை.

நான் தாளை எடுத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆய்வுப் பிரிவுக் கண்ணாடிக்காரர் படித்துவிட்டு, நல்லது, இப்போது இவங்க பேரை விலகியவர்கள் பட்டியலில் போட்டுவிடலாம் என்றார். எனக்குப் புரியவில்லை. விளக்கினார். ஒத்துழைக்காதவர்கள் சிகிச்சையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர்கள் என்று பொருளாம். அவர்களைக் குணமானவர்களோடும் சேர்க்க மாட்டார்கள், குணமாகாதவர்களோடும் சேர்க்க மாட்டார்கள். அடுத்த சிகிச்சையும் கிடையாது. ஒன்றுக்கும் ஆகாத பட்டியல். இதுவரை குணமாகியிருந்தவள், உங்கள் ஒரு வரியால் இப்போது ஆய்விலேயே இல்லாதவள்.

நான் அங்கே சத்தம் போட்டேன். இத்தனை வருட உத்தியோகத்தில் போடாத சத்தம். பன்னிரண்டு வாரத்தில் ஒரு வாரமாவது அவள் வராமல் இருந்திருக்கிறாளா, பதிவேட்டை எடுங்கள் என்றேன். எடுத்தார்கள். ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. காய்ச்சலோடு வந்ததைக்கூட நர்ஸ் குறித்து வைத்திருக்கிறாள். ‘பதிவேடு சரிதாம்மா, ஆனா சார் எழுதினதை நான் எப்படி மாத்த முடியும்?’ என்றார் அவர். சத்தம் கேட்டு பிசியோதெரபி அம்மா வந்தார். தாளை வாங்கிப் படித்தார். ‘ஒத்துழைக்கலையா? எதுக்கு ஒத்துழைக்கலை, சிகிச்சைக்கா, அவருக்கா? அதை முதல்ல எழுதச் சொல்லுங்க’ என்றார். அவர் போய்ப் பேசித்தான் உங்களுக்குப் பத்து நாள் கூடுதலாக வாங்கித் தந்திருக்கிறார். இன்னொரு தாள் இத்துடன் இருக்கிறது. இது கடைசித் தாள்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் உங்களிடம் பேச வேண்டும்.

அது எனக்குப் புதிய சொல் இல்லை மாப்பிள்ளை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் என்னையும் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் எழுதிய சீட்டில் மருந்து எதுவும் இல்லை. அந்த இரண்டு வார்த்தைதான் இருந்தது. சீட்டை என் கையில் கொடுக்கவில்லை, உங்கள் மாமனார் கையில் கொடுத்தார். அவர் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ஏன் ஒரே பிள்ளையோடு நிறுத்திவிட்டீர்கள் அத்தை என்று நீங்களே ஒருமுறை விளையாட்டாகக் கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

நேற்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் மாமனார் வந்து, யாருக்கு எழுதுகிறாய் என்றார். வாசித்துக் காட்டினேன், அந்தச் சீட்டு விஷயம் உட்பட. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தபால்தலை இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். இல்லை, வாங்கி வருகிறேன் என்று அந்த முழங்காலோடு படி இறங்கிப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. நீங்களும் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். மகளைக் கூட்டி வந்துவிட்டேன், போய் வா என்று இரண்டு வரி எழுதியிருப்பேன். வீட்டுக்கு வீடு இந்த நல்லவர்களை வைத்துக்கொண்டுதான் நாங்கள் தவிக்கிறோம்.

ஒத்துழைப்பு என்றால் இரண்டு பேர் சேர்ந்து உழைப்பது. அவள் என்ன உழைத்தாள் என்று பதிவேட்டில் இருக்கிறது. ஊசி போட்ட அன்று நடக்க முடியாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். ஊசிக்கு அப்புறம் வீட்டில் செய்யச் சொன்னதையெல்லாம் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருநாள் விடாமல் செய்தாள். நீங்கள் வரும் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துப் பயந்தாள். பயந்தாலும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் என்ன உழைத்தீர்கள் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்: ஒரு விரிப்பைத் துவைத்தீர்கள். இரண்டு டிக் போட்டீர்கள். பிசியோதெரபி அம்மா கணவர்களுக்கென்று வைக்கும் வகுப்புக்கு மூன்று முறை கூப்பிட்டார், தலைவலி என்றீர்கள். அவளுக்கு நான் இல்லாத நேரத்தில் போன் செய்து, ‘எங்க அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது’ என்றீர்களாம். உங்கள் அம்மாவுக்கு நான் எழுத மாட்டேன், பயப்படாதீர்கள். அவர்களுக்கும் இதேபோல் ஏதாவது ஒரு சீட்டு இருந்திருக்கலாம், யார் கண்டது.

இந்த முறை காரணம் என்ற கட்டத்தில் அந்த இரண்டு வார்த்தை வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். ஊசி போட்ட பிறகும் அவளுக்கு வலித்தது, அழுதாள், எனக்குத் தெரிந்தது, நான் நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரியில் மறைத்தேன். இதில் எந்த வரி பொய்யோ அதை மட்டும் விட்டுவிடுங்கள். எழுத வெட்கமாக இருக்கும். அந்தத் தாளை மூன்று பேர் படிப்பார்கள், மூன்று பேருமே உங்களை இன்னொரு முறை பார்க்கப் போவதில்லை. என் மகள் கால் அகட்டிப் படுத்தபோது விளக்குப் பிடித்துப் பார்த்தவர்கள் இதுவரை பதினாறு பேர். நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவள் வாசிக்கவில்லை. காட்டப் போனேன், வேண்டாம்மா என்றாள். உனக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதையும் சேர்த்து எழுதுகிறேன், சொல் என்றேன். ‘அடுத்த லீவுக்கு வந்தா அவர் ரூம்ல தனியா படுத்துக்கட்டும், ஆனா வரட்டும்’ என்றாள். அதில் உங்களுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறாள் என்று பாருங்கள். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. இப்படி ஒரு கடிதம் என் வாழ்க்கையில் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அன்று எனக்காக உங்கள் மாமனாருக்கு எழுத ஆள் இல்லை. நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அவளும் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் பயப்படாமல் கிழவன் கிழவியாக வேண்டும். அந்த வயதில் உங்களுக்கு ஒரு மகள் இருந்து, அவள் வந்து வலிக்கிறது என்று சொன்னால், என் பெண் பாத்திரம் துடைப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அத்தை